எர்த் இல்லாத தொழுவம்

அருப்புக்கோட்டையில் நாங்கள் வாங்கிய இந்தப் பழைய வீட்டுத் தொழுவத்தில்தான் எங்கம்மா பதினைந்து வருசம் சாணி அள்ளினாள். "குழாயத் தொட்டா சுள்ளுனு இழுக்குதுய்யா" என்பாள். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களாம்.

வயரிங் பார்க்க வந்த தம்பி மரச்சட்டத்தைப் பெயர்த்தார். கம்பியின் ரப்பர் உறை தொட்டதும் உதிர்ந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் எர்த் கம்பி போயிருந்தது. தொழுவத்து மோட்டாருக்கு மட்டும் இல்லை. எங்க சனம் வெறுங்காலோட ஈரத்துல நின்ன இடம் அது.

முதல் குழியை அங்கேதான் தோண்டச் சொன்னேன். கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் கருவியும் மாட்டியாச்சு. கரிசல் காய்ந்தால் எர்த் பிடிக்காது. கோடையில் தண்ணி ஊத்தணும். அம்மாதான் குடம் குடமாக ஊற்றுகிறாள்.

குழாயை மட்டும் இன்னும் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் திறக்கிறாள்.