எத்தனை அங்குலம்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

காஞ்சி என்றதும் பட்டும் கோயிலும்தான் எவர்க்கும் நினைவில் வரும். ஊருக்குத் தெற்கே பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர், சாலவாக்கம் பக்கம் போனால் கல் குவாரிகள் இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்தே இருவர் தறியை விட்டுக் குவாரி வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. ஆட்களை ஏற்றிக்கொண்டு குவாரிப் பள்ளத்தில் இறங்கி ஏறும் பழைய மகிந்திரா ஜீப்பை ஓட்டுகிறார். இக்கட்டுரை அந்த ஜீப்பின் முன்சக்கரங்களைப் பற்றியது. ஆண்டு மலரில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். நம் இயற்பியல் பாடத்தில் பாதி அந்தச் சக்கரத்தின் மேலேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவின் தறிக்கூலி வீட்டுக்கே சரியாகிவிடும். எனவே என் புத்தகச் செலவுக்காக ஞாயிறுதோறும் தாய்மாமாவின் மெக்கானிக் பட்டறையில் வேலை செய்கிறேன். மாமா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பட்டறையில் எல்லாரும் ஷாக் அப்சார்பரை ‘ஷாக் அப்சர்வர்’ என்றே சொல்வார்கள். ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க. உண்மையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது கமான் பட்டைதான். பட்டை ஒருமுறை அமுங்கினால் அதோடு நில்லாது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டனை ஓடவிட்டு வெப்பமாக்கித் தணிப்பதே ஷாக் அப்சார்பரின் வேலை. கரடுமுரடான வழியில் ஓடிவந்த வண்டியில் அதைத் தொட்டுப் பார்த்தால் சுடும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது செத்துவிட்டது என்பார் மாமா.

வண்டியின் முதலாளி, பாறையில் அடிவயிறு உரசுகிறது என்று ஜீப்பை வேறோர் இடத்தில் இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். கமான் பட்டையில் கூடுதல் பட்டை சேர்த்து வளைவைக் கூட்டினார்கள். இரண்டு அங்குலம் உயர்ந்ததால் இரண்டு அங்குலம் நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமான கணக்குதான். ஆனால் அன்று முதல் குவாரியின் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதும் ஓசை கேட்கத் தொடங்கியது. சில வாரங்களில் வலப்பக்கத்து ஷாக்கில் எண்ணெய் கசிந்தது, மேல்பின் வளைந்தது. “இன்னும் ஓர் அங்குலம் நீளமானதாகப் போட்டுக்கொண்டு வா என்கிறார் முதலாளி” என்று சித்தப்பா பணத்தோடு வந்து நின்றார்.

மாமா பணத்தை வாங்கவில்லை. “மாப்பிள்ளை, டேப்பை எடு. காலேஜில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று பார்ப்போம்” என்றார். சித்தப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்குகிறவர் அவர். பின் முறிந்து ஷாக் தொங்கினால் பக்கத்தில் ஓடும் பிரேக் ஹோஸில் அடிக்கும். அதன்பின் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற பையனின் பென்சிலை நம்பி அவர் எப்படி நிம்மதியாக இருப்பார்?

தணிக்கப்பட்ட அலைவை நாம் வகுப்பில் சமன்பாடாக எழுதுகிறோம். அந்தச் சமன்பாட்டில் சுருளுக்கு முடிவே கிடையாது. எவ்வளவு இழுத்தாலும் நீளும், எவ்வளவு அழுத்தினாலும் சுருங்கும். பட்டறையில் இருக்கும் ஷாக் அப்சார்பருக்கோ இரண்டு முடிவுகள் உண்டு. முழுதும் மூடினால் ஒரு நீளம், முழுதும் விரிந்தால் ஒரு நீளம். வண்டி தரையில் நிற்கும்போதுள்ள நீளத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். சேதம் நடப்பதோ இரண்டு முனைகளில்.

ஷாக்குகளைக் கழற்றிவிட்டு அளந்தோம். சமதரையில் நிற்கையில் மேல்பின்னுக்கும் கீழ்ப்பின்னுக்கும் இடையே 18 அங்குலம். உயர்த்துவதற்கு முன் அது 16. சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தால் 21. பிறகு கமான் கட்டைப் பிரித்துத் தாய்ப்பட்டையை மட்டும் விட்டு, ஆக்சிலை ஜாக்கியால் மேலே தள்ளினோம். சட்டத்தின் அடியில் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டை இருக்கும். சக்கரம் எல்லை மீறி ஏறாமல் தடுப்பது அதுதான். ஆக்சில் அந்த ரப்பரைத் தொட்டபோது 13 அங்குலம். கடுமையான அடியில் ரப்பரும் அரை அங்குலம் நசுங்கும் என்று மாமா சொன்னார். ஆக, 12½ வரை இடம் வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. வண்டியை உயர்த்துவதால் சக்கரம் மேலே ஏறும் கடைசிப் புள்ளி மாறுவதே இல்லை! ரப்பர் பழைய இடத்திலேயே இருக்கிறது. உயர்த்துவதற்கு முன்னும் 13, பின்னும் 13. மாறியது தொங்கும் பக்கம் மட்டுமே. முன்பு 19 வரை இறங்கிய சக்கரம் இப்போது 21 வரை இறங்குகிறது.

நீளமான ஷாக்கை மேசையில் வைத்து அளந்தோம். விரிந்தால் 21½, மூடினால் 13. கழற்றி வைத்திருந்த பழையதைச் சித்தப்பா வண்டியிலேயே போட்டிருந்தார். அது விரிந்தால் 19½, மூடினால் 12. இதன் காரணம் எளிது. பிஸ்டன் தண்டு முழுவதும் குழாய்க்குள் அடங்க வேண்டும். எனவே மூடிய நீளம் என்பது ஓட்டமும், கண்கள், பிஸ்டன், அடி வால்வு ஆகியவை அடைக்கும் இடமும் சேர்ந்தது. இதில் அந்த இடம் 4½ அங்குலம். விரிந்த நீளத்தில் ஓட்டம் இரண்டு முறை வருகிறது. ஆகவே விரிந்த நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டினால் மூடிய நீளம் ஓர் அங்குலம் கூடியே தீரும். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

பழையதையே மாட்டியிருந்தால் சக்கரம் 21 வரை இறங்காது. 19½-இல் ஷாக்கைப் பிடித்துத் தொங்கி அதன் கண்ணைப் பிய்க்கும். புதியது இறங்கும் பக்கம் பொருத்தம். ஏறும் பக்கம் ஆக்சில் ரப்பரைத் தொடும் அதே கணத்தில் தானும் முழுதாய் மூடி இரும்புத் தூணாகிவிடுகிறது. ரப்பர் நசுங்க இடமில்லை. வண்டியும் எட்டு ஆட்களும் சேர்ந்த அடி அப்படியே பின்னில் இறங்குகிறது. முதலாளி சொன்னபடி இன்னும் ஓர் அங்குலம் கூட்டியிருந்தால் ரப்பரைத் தொடும் முன்பே அரை அங்குலத்தில் மோதியிருக்கும்.

சித்தப்பாவுக்கு என் கணக்கு விளங்கவில்லை. எனக்கும் வாயால் விளக்க வரவில்லை. மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு வந்திருந்த அப்பாதான் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மிதிக்கயிறு மாதிரிதானே? கயிறு நீண்டு போனால் பாவு முழுசாகத் திறக்கும் முன்னே மிதி குழித்தரையில் இடிக்கும். நாடா இழையை உரசும். குட்டையாகக் கட்டினால் இழை இழுபட்டு அறும். குழி ஆழத்தையும் பார்த்துத்தானே கட்டுகிறோம்?” முன்னாள் நெசவாளியான சித்தப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கோ, இரண்டு ஆண்டாக அப்பாவிடம் என் பாடத்தைப் பற்றிப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமா செய்தது சிறிய வேலை. ரப்பர் கட்டைக்கு மேலே ஓர் அங்குல இரும்புக் கட்டை வைத்துப் போல்ட் போட்டு இறக்கினார். இப்போது ரப்பர் தொடும் இடம் 14, நசுங்கினால் 13½. மூடிய ஷாக் 13. அரை அங்குலம் மிச்சம். சக்கரம் மேலே ஏறும் தூரம் நான்கு அங்குலம்; உயர்த்துவதற்கு முன் அது மூன்றுதான், ஆகையால் நட்டமும் இல்லை. உள்ளே அடி வாங்கிய ஷாக்குகளை நம்ப முடியாது என்று அதே நீளத்தில் ஒரு ஜோடி புதிதாக மாட்டினோம். சக்கரத்தைத் தொங்கவிட்டபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிரேக் ஹோஸ் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. உயர்த்தியவர்கள் அதை நீட்டவே இல்லை. என்னைக் கேட்டால், வளைந்த பின்னைவிட அதுவே பெரிய ஆபத்து. நீளமான ஹோஸ் வாங்கி மாற்றும் வரை மாமா வண்டியை வெளியே விடவில்லை.

2010-இல் மகிந்திரா தார் வந்தது. 2020-இல் புதிய தார் வந்தது. அதன்பின் வண்டியை உயர்த்தும் ஆசை இளைஞரிடையே பெருகிவிட்டது. தார்ச் சாலையில் ஓட்ட எதற்கு இந்த உயரமோ, அறியேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சித்தப்பாவின் ஜீப் குவாரிக்குள் ஓடுவது, அதன் கதை வேறு. புதிய தாரில் பின்பக்கமும் கமான் பட்டைக்குப் பதில் சுருள் வில்தான். சக்கரம் அளவுக்கு மீறித் தொங்கினால் வில்லே இருக்கையை விட்டு நழுவக்கூடும். எனவே விரிந்த நீளத்துக்கு அங்கே மேல் வரம்பும் உண்டு.

புதிய ஷாக் நீளம் கூடியதாக இல்லையே என்று முதலாளி முதலில் முகம் சுளித்தாராம். பள்ளத்தில் அந்த ஓசை இப்போது இல்லை என்று சித்தப்பா சொல்லியனுப்பினார். பின்சக்கரங்களை இன்னும் அளக்கவில்லை. அங்கே ஷாக்குகள் சாய்ந்து நிற்கின்றன. சக்கரம் ஓர் அங்குலம் ஏறினால் ஷாக் ஓர் அங்குலம் சுருங்காது, கோசைன் மதிப்பைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். பருவத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. அதற்குள் ஒரு பெரிய கோணமானி வேண்டுமென்று ஆய்வுக்கூட உதவியாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.