தெருவுக்கு ஒரு ஆள்

அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் சாலைக்கு இரண்டு தலைப்புகள் உண்டு. ஒன்று 3054, இன்னொன்று 5054. பராமரிப்புச் செலவை முதலாவதில் எழுதுவோம். புதிதாகச் சாலை போடும் மூலதனச் செலவை இரண்டாவதில் எழுதுவோம். மத்திய அரசானாலும் மாநில அரசானாலும் இதே எண்கள்தான். அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த வருடங்களில் இந்த எண்களை எத்தனை பில்களில் எழுதியிருப்பேனோ, எனக்கே தெரியாது. 5054-க்குப் பணம் கேட்டு ஃபைல் போனால் சீக்கிரம் திரும்பிவிடும். 3054-க்குக் கேட்ட ஃபைல் மேஜை மேஜையாக உட்கார்ந்து வரும். “குழி அடைத்ததற்கு யாரும் கல்வெட்டு வைக்க மாட்டார்கள் சார்” என்று எங்கள் சூப்பிரண்டு ஒருவர் சொல்வார்.

பணி ஓய்வுக்குப் பிறகு, மகனுக்குக் காட்டுப்பள்ளியில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியேறினோம். இங்குள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அதற்குப் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. அடுத்ததாக இங்கிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 130 கிலோமீட்டருக்கு எல்லைச் சாலை. அதன் முதல் பகுதிக்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் தருகிறது. நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் 130 கிலோமீட்டருக்குக் கடல் தாண்டிக் கடன் கிடைக்கிற காலத்தில், தெருமுனைக் குழிக்கு இரண்டு சட்டி தார் ஜல்லி கிடைக்காதது ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில், சாலை எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் இறுகிப்போகிறது. இறுகிய தார் வளைந்து கொடுக்காது, மயிரிழை போல வெடிப்பு விடும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் உள்ள ஜல்லியையும் மண்ணையும் இளக்கிவிடும். அதன் மேல் லாரி ஏறினால் குழி. வெடிப்பு நிலையிலேயே தாரை ஊற்றி அடைத்துவிட்டால் செலவு கொஞ்சம்தான். குழியான பிறகு கூடுதல் செலவு. அடித்தளமே போய்விட்டால் தோண்டி எடுத்துப் புதிதாகவே போட வேண்டும்.

இதில் எடைக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் தனியாகச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால், சாலையின் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று கண்டார்கள். சைக்கிளும் ஸ்கூட்டரும் காரும் சாலையை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. தேய்ப்பவை கனரக வண்டிகள்தான். நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு அனுமதித்த எடை 10.2 டன்னாக இருந்தது. 2018-ல் அதை 11.5 டன்னாக உயர்த்தினார்கள். ஒன்றே கால் டன்தானே என்று தோன்றும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தேய்மானம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நம் பகுதிக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல.

சரி, கெட்டுப்போன தெருவுக்குப் புதுத் தார் போடுகிறார்களே என்றால், அது வேறொரு தொல்லை. நாங்கள் வந்தபோது வாசலில் நான்கு படிகள். பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படிகள்தான் வெளியே தெரிகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து, என் மனைவியும் நானும் ஓர் இரவு முழுக்கக் கட்டிலின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் தெளிவாகவே எழுதினார். போன முறை தார் போட வந்த மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். “தெரியுங்க ஐயா. சுரண்டுறதுக்கு எஸ்டிமேட்ல காசு வைக்கலையே” என்றார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு அளவுப் புத்தகத்தில் இடம் கிடையாது.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். சிறு வயதுப் பாடப் புத்தகத்தில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக ஒருவர் படம் இருக்கும். ‘காந்தோனியே’ என்று பெயர். சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக்கினார்கள். அந்த ஆள்தான் காந்தோனியே. முன்பு பிரான்சில் குடியானவர்களை வருடத்தில் சில நாள் கூலியில்லாமல் பிடித்து வந்து சாலையைச் சரிசெய்ய வைப்பார்கள். மீதி நாளெல்லாம் சாலை பாழாகும். லிமோஜ் பகுதியில் பொறியாளராக இருந்த த்ரெசாகே என்பவர், 1775 வாக்கில், எப்போதோ ஒருமுறை கூட்டமாக வந்து செய்வதைவிட நித்தமும் கொஞ்சம் பார்த்துக்கொள்வதே சாலையைக் காப்பாற்றும் என்று எழுதினார். 1811-ல் நெப்போலியன் அதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக்கினார்.

இது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையில் 1997-ல் ஏறத்தாழ பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை எடுத்தார்கள். முட்செடி வெட்டுவது, ஓரத்தில் தண்ணீர் தேங்காமல் வடித்துவிடுவது, சிறு குழியை அடைப்பது இவையெல்லாம் அவர்கள் வேலை. 2002-ல் அவர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006-ல் திரும்ப எடுத்தார்கள். வேலையில்லாமல் இருந்த 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிடச் சொல்லி அவர்கள் வெகுகாலம் போராட வேண்டியிருந்தது. அந்த 41 மாதங்களில் சாலைகள் பட்ட பாட்டுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

நெடுஞ்சாலைக்காவது ஆட்கள் இருந்தார்கள். நம் தெருக்களுக்கு? பெட்ரோல் மேல் வரி போட்டுச் சாலைக்குப் பணம் சேர்க்கலாம் என்று 1927-ல் அமைத்த ஜெயகர் கமிட்டி சொன்னது. 1929-ல் சாலை நிதி உருவானது. 2000-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அந்தப் பணம் தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, கிராம இணைப்புச் சாலை என்று போகிறதே தவிர, ஊருக்குள் இருக்கும் பழைய தெருவுக்கு வருவதில்லை. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். மீதி 40 சதவீதத்தைத் தெருவுக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று இருந்தது. ஆக, தார் வாங்க முடிந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியவில்லை. அதற்கு உள்ளூர் வருமானம்தான் வழி. தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் பகுதியில் சொத்து வரியோடு தொழில் வரியும் உண்டு. அதில் சிறு பங்கை ஒவ்வொரு ஆண்டும் தெருப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கினால் போதும்.

அக்டோபர் 2-ம் தேதி கிராம சபை கூடும். வழக்கமாக “புது ரோடு போடுங்கள்” என்று கேட்போம். இந்த முறை வேறு நான்கு கேள்விகளைக் கேட்போம். ஊரில் உள்ள ஒவ்வொரு தெருவும் எந்த வருடம் போட்டது என்று ஒரு பதிவேடு இருக்கிறதா? மழைக்கு முன் வெடிப்பு அடைக்க இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? அடுத்த எஸ்டிமேட்டில் பழைய தாரைச் சுரண்டுவதற்குக் காசு வைப்பீர்களா? எங்கள் தெருவுக்குப் பொறுப்பான ஆள் யார்?

கேள்வியோடு பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்தில் இருப்பதை மறுப்பது எந்த அலுவலகத்துக்கும் சிரமம். இத்தனை வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.