குஞ்சு மேய்க்கும் மீன்

2025ஆம் ஆண்டு தை பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. காலைத் திருப்பலியை முடித்துவிட்டுப் பாகூர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்கால்தான் இந்த ஏரியை நிரப்புகிறது. முந்தைய நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதியின் வயல்களை மூழ்கடித்தது. அந்த வெள்ளம் வடிந்து, வாய்க்கால்கள் தெளிந்து, மீன்பிடிப் பருவம் அடங்கிவரும் நேரம் அது.

என்னுடன் நடந்து வந்தவர் எம் பங்கைச் சேர்ந்த இளைஞர். கனடாவின் பசிபிக் கரையில் பணிபுரிபவர். பொங்கலுக்கு ஊர் வந்திருந்தார். அங்குள்ள சால்மன் மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆற்றில் பிறந்து, கடலில் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும் மீன் அது. ஆற்றில் ஏறத் தொடங்கியபின் உணவு கொள்வதில்லை. காலம் பிந்தி வரும் கூட்டம் குளிர்காலத் தொடக்கத்தில், உறையும் நீரில் ஏறும். முட்டையிட்டதும் பசிபிக் சால்மன் மடிந்துவிடும். அதன் உடல் கரடிக்கும் கழுகுக்கும் உணவாகிறது. கரையோர மரங்களுக்கும் உரமாகிறது. ஆற்றில் எத்தனை மீன்கள் ஏறின என்று அங்கே எண்ணிப் பார்க்கிறார்கள். போதிய மீன்கள் ஏறவில்லையெனில் மீன்பிடிப்பைக் குறைப்பார்கள், நிறுத்தவும் செய்வார்கள்.

“நம் ஊரில் யார் எண்ணுகிறார்கள்?” என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

வாய்க்கால் கரையில் ஒரு முதியவர் தூண்டிலோடு அமர்ந்திருந்தார். தவளைக்குஞ்சை இரையாகக் கோத்திருந்தார், விராலுக்காகத்தான். அப்போது நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறமாக ஏதோ கொப்பளிப்பதைக் கண்டேன். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! அவற்றின் அடியில் பெரிய விரால் காவல் நிற்கும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவன் நான். என்னையறியாமலேயே என் விரல் அந்த இடத்தை நோக்கி நீண்டது.

முதியவர் பார்த்தார். தூண்டிலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அது குஞ்சு மேய்க்குது சாமி. இப்ப புடிச்சா ஒரு மீனு. வுட்டா அடுத்த வருசம் ஊருக்கே மீனு.”

“நீங்கள் விட்டால் வேறொருவர் பிடித்துவிட மாட்டாரா?”

“அது அவன் கணக்கு.”

உயிருள்ள விராலுக்கு நல்ல விலை உண்டு. அவருடைய பறியிலோ நாலைந்து சிறு கெண்டைகள் மட்டுமே கிடந்தன.

என் விரல் அப்படி நீண்டது அதுவே முதல் முறையன்று. நான் பிறந்தது வில்லியனூர்க் கொம்யூனில், ஊசுடு ஏரிக்கு அருகில். 2008இல் புதுச்சேரி அரசு அந்த ஏரியைக் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முந்திய கதை இது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். வயல் வாய்க்காலில் இதேபோன்ற குஞ்சுக் கூட்டத்தைக் கண்டு சித்தப்பாவுக்குச் சுட்டிக் காட்டினேன். தூண்டில் விழுந்த மறுகணமே விரால் பாய்ந்து கவ்வியது. தன் பசிக்காகவன்று, குஞ்சுகளைக் காப்பதற்காகவே அது பாய்ந்தது என்பதைப் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். அன்றிரவு வீடே மணந்தது. “பையன் கண் கூர்மை” என்று எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு மீன்கொத்தி எதிரே காத்திருந்தது. மூன்றாம் நாள் நீர் வெறுமையாய்க் கிடந்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக்கூட்டைக் கண்டால், குஞ்சுகளின் மேல் அமர்ந்திருக்கும் தாயைப் பிடிக்கலாகாது. அதைப் போகவிட வேண்டும் என்கிறது அது. அவ்வாறு செய்வோருக்கு நலமும் நெடிய வாழ்வும் உண்டு என்ற வாக்குறுதியும் உடன் வருகிறது. பெற்றோரை மதித்து நடப்போருக்கு அதே நூலின் 5ஆம் அதிகாரம் தரும் வாக்குறுதியும் இதுவே. குருமடத்தில் இதைப் படித்தபோது, இவ்வளவு சிறிய செயலுக்கு இவ்வளவு பெரிய கைம்மாறா என்று வியந்ததுண்டு. பசித்தவனை எடுக்கவே கூடாதென்று அக்கட்டளை தடுக்கவில்லை. கைக்கெட்டியதையெல்லாம் எடுக்காதே என்று மட்டுமே சொல்கிறது. வாய்ப்பு இருந்தும் விட்டுவிடுவது, அதுவும் வறியவர் ஒருவர் விட்டுவிடுவது, சிறிய செயலன்று என்பதை அந்த முதியவரிடம்தான் கற்றேன்.

மறுநாளும் அவ்வழியே சென்றேன். குஞ்சுகள் சற்றுத் தள்ளி நாணல் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தன. முதியவர் வெகு தொலைவில், கெண்டைக்கு மண்புழு கோத்துக்கொண்டிருந்தார். யாரோ இருவர் மிதிவண்டியில் அவ்வழியே வந்தனர். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நடந்தேன்.