முறத்தில் அகப்படாதது

பொங்கல் விடுமுறை கழிந்து வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் திரும்பும் நம்மவர் பைகளைத் திறந்து பார்த்தால், அரிசியும் பருப்பும் நல்லெண்ணெயும் இருக்கும் இடத்தில், செய்தித்தாளில் சுற்றிய இலவம்பாடிக் கத்தரிக்காயும் இருக்கும். காம்பிலே முள் தைக்கும் அந்தக் காய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நம் தாய்மார் அதற்கு நெடுங்காலம் முன்னரே தங்கள் குறியீட்டை வழங்கிவிட்டனர். "பெங்களூர்ல கத்திரிக்காயா கிடைக்காது?" என்று மருமகப்பிள்ளைகள் நகைப்பதுண்டு. கிடைக்கும். அது எவர் தோட்டத்துக் காய் என்னும் செய்திதான் கிடைக்காது.

இந்த நாட்டினருக்கும் அத்தகைய காய் ஒன்று உண்டு. உடுப்பியை அடுத்த மட்டு என்னும் சிற்றூரில் விளையும் 'மட்டு குள்ளா' உருண்டை வடிவினது. இளம்பச்சை மேனியில் வெண்கோடுகள் ஓடும். சோதே மடத்து வாதிராசர் அருளிய விதை என்று அங்குள்ளோர் போற்றுவர். 2011-இல் அதற்கும் குறியீடு கிட்டியது. அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் ஊர் சென்று திரும்பினால் நமக்கு நான்கு காய் தருவார். நாம் இலவம்பாடிக் காய் நான்கு கொடுப்போம். எது சுவை மிக்கது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பதில் இரு வீட்டாருக்கும் அவசரம் இல்லை.

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த எளிய காயின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. நம் இல்லத்தில் பேத்திக்குச் சோறூட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஆதலால் செய்தித்தாளில் 'பி.டி. கத்தரி' என்று கண்ட ஒவ்வொரு வரியையும் கூர்ந்து படித்தோம்.

கத்தரிச் செடிக்குப் பெரும்பகை, குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவாகும். அந்துப்பூச்சி செடியில் முட்டையிடும். பொரித்து வெளிவரும் சிறு புழு விரைவிலேயே குருத்தினுள்ளோ காயினுள்ளோ புகுந்துவிடும். புகுந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதனைத் தீண்டாது. புகுமுன் கொல்ல வேண்டும். எந்த நாளில் புகும் என்பதோ தெரியாது. ஆகவே உழவர் மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கின்றனர். இதற்கு மாற்றாக, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் புகுத்தினர் அறிவியலார். அந்நுண்ணுயிரின் அறிவியற் பெயர்ச் சுருக்கமே 'பி.டி.' என்பது. அதன்பின் செடியே புழுவைக் கொல்லும் புரதத்தை ஆக்கிக்கொள்ளும். மகாராட்டிரத்து மஹிகோ விதை நிறுவனம் அமெரிக்க மான்சாண்டோவின் நுட்பத்தைக் கொண்டு இதனைச் செய்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தத்தம் நாட்டு இரகங்களை இம்முயற்சிக்கு ஈந்தன. தமிழகத்திலிருந்து கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிகுளம், பாலூர் இரகங்கள் சென்றன. கருநாடகத்திலிருந்து சென்றவற்றுள் உடுப்பிக் குள்ளாவும் ஒன்று. அண்டை வீட்டு அம்மையாரிடம் இதனைச் சொன்னபோது, "நம் இருவர் காயும் அங்கேயும் அக்கம்பக்கந்தானா!" என்றார்.

மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14-ஆம் நாள் இதற்கு இசைவளித்தது. (அடுத்த ஆண்டில் அக்குழுவின் பெயரில் இருந்த 'ஒப்புதல்' என்னும் சொல் 'மதிப்பீடு' என மாற்றப்பட்டது. பெயரைச் சூட்டும்போதே அதனை எண்ணியிருக்கலாம்.) எதிர்ப்பு மூளவே, அந்நாளைய சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் ரமேசு மக்கள் கருத்தைக் கேட்கப் புறப்பட்டார். சனவரி 13-இல் கல்கத்தாவில் தொடங்கி ஏழு நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் கலந்துகொண்டனர். இறுதிக் கூட்டம் பிப்ரவரி 6-இல் நம் பெங்களூரில் நிகழ்ந்தது. உழவரும் அறிவியலாரும் விதை வணிகரும் இல்லத்தரசியரும் ஒரே கூட்டத்தில் ஒருவரையொருவர் மறுத்துரைத்தனர். தட்டில் விழும் ஒரு காயைக் குறித்து அமைச்சர் ஒருவர் ஊர் ஊராய்ச் சென்று குடிமக்களைக் கேட்டதை நம் வாழ்நாளில் அதற்கு முன் நாம் கண்டதில்லை. கூச்சல் மிகுந்திருந்தால் என்ன? கேட்டது சிறப்பே.

நம் வீட்டிலும் அந்நாளில் ஒரு சபை கூடியது. பாட்டியார் ஒரே கேள்வியில் வழக்கை முடித்துவிட்டார். "பூச்சி செத்துப்போற காயை மனுசன் திங்கலாமா?" கல்லூரியில் உயிரியல் பயின்றுகொண்டிருந்த பேரன், "பாட்டி, அந்தப் புரதம் புழுவோட குடல்லதான் வேலை செய்யும். அங்க காரம், நம்ம இரைப்பையில அமிலம். நமக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். "அதை யாருடா சோதிச்சது?" என்றார் பாட்டியார். பேரன் சற்றே தயங்கி, "கம்பெனிதான்" என்றான்.

அந்தத் தயக்கத்தில்தான் பொருள் இருந்தது. பேரன் சொன்ன அறிவியல் பிழையன்று. ஆயினும் சோதனைகளை நடத்துவித்தது விதை விற்க முனைந்த நிறுவனமே. அவற்றின் விவரங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே போராடிய பின்னரே 2008-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. விற்பவரே எடைக்கல்லையும் கொண்டுவந்தால், எடை சரியாகவே இருந்தாலும் வாங்குபவர் மனம் ஒப்புமோ? பிப்ரவரி 9-இல் அமைச்சர் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார், சார்பற்ற ஆய்வுகள் மக்களுக்கும் அறிவியலாருக்கும் நிறைவளிக்கும் வரை பொறுக்கலாம் என்பது அவர் கூறிய காரணம். அத்தடை இன்றும் நீங்கவில்லை.

நாட்டு இரகங்களை உரிய இசைவின்றி எடுத்தாண்டனர் என்று அதே ஆண்டில் பெங்களூர் அமைப்பொன்று முறையிட்டது. 2011-இல் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் சட்ட நடவடிக்கை எடுப்பதென முடிவு செய்தது. வாதிராசர் பெயரால் வழங்கும் விதை வழக்கு மன்றக் கட்டுகளில் ஏறியது இவ்வாறே.

நிற்க. தடை வந்த அன்று நம் வீதியில் பலர் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் தடை விதிக்கப்பட்டது புதிய செடிக்கே. புழு முன்போல் காயைத் துளைத்தது. மருந்தும் முன்போல் தெளிக்கப்பட்டது. நாம் அஞ்சிய மரபணு அடுக்களைக்கு வரவில்லை. நாம் அவ்வளவாக அஞ்சாத நஞ்சு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்தலாகாது என 2005-இலேயே அரசு விலக்கியது. ஆயினும் பிற பயிர்களுக்கு அது கடைகளில் தாராளமாய் விற்கப்பட்டது. பருத்திக்கென்று வாங்கிய புட்டி கத்தரிப் பாத்திக்குச் செல்வதைக் காவல் காப்பவர் யார்? 2013 சூலையில் பீகார் மாநிலச் சாரண் மாவட்டப் பள்ளியொன்றில் நண்பகல் உணவு உண்ட இருபத்து மூன்று குழந்தைகள் மாண்டது இந்நஞ்சு எண்ணெயில் கலந்ததால்தான். இது செடியின் சாற்றிலேயே ஊறிப் பரவும் தன்மையுடையது. நம் பெண்டிர் காய்கறிகளை உப்பு நீரிலும் புளிக்கரைசலிலும் ஊறவைத்துக் கழுவுகின்றனர். நல்ல வழக்கமே, மேலே படிந்ததில் ஒரு பகுதி அகலும். உள்ளே ஊறியது கழுவினால் போகாது.

முன்னாளில் உணவில் கலப்படம் என்றால் அரிசியில் கல், மிளகில் பப்பாளி விதை. முறத்தில் இட்டுப் புடைத்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அந்த முறம் நம் வீட்டுப் பரணில் இன்றும் இருக்கிறது. மரபணுவும் மருந்தெச்சமும் அதில் அகப்படா. கண்ணும் கையும் மூக்கும் பயனற்றுப்போன இடத்தில் நமக்கு எஞ்சியிருப்பது சீட்டு ஒன்றே. உள்ளே இருப்பது இன்னது என்று புட்டியின்மேல் எழுதிய சீட்டு.

அதன் கதை என்ன? மரபணு மாற்றிய உணவுப் பொதியின் முகப்பில் அதனைக் குறிக்கும் 'ஜி.எம்.' என்னும் எழுத்துகள் இருத்தல் வேண்டும் என்ற விதி 2013 சனவரி முதல் நாளில் நடப்புக்கு வந்தது. நாம் கடைகளில் எத்தனையோ புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறோம். ஒன்றிலேனும் அவ்வெழுத்துகளைக் கண்டதில்லை. ஆனால் நாட்டில் பயிராகும் பருத்தியில் பெரும்பகுதி 2002-இல் இசைவு பெற்ற பி.டி. பருத்தியே. பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்குப் பயன்படுகிறது. அர்ச்செந்தீனாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் சோயா எண்ணெயின் மூலப்பயிரும் மரபணு மாற்றியதே. 2021-இல் கோழித்தீவனத்துக்காக அத்தகைய சோயாப் பிண்ணாக்கு பன்னிரண்டு இலட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அரசு இசைந்தது. தூய்மை செய்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ எஞ்சுவது அரிது. ஆகவே அஞ்சத் தேவையில்லை என்பர் வல்லுநர். அது மெய்யாகவே இருக்கலாம். அஞ்சத் தேவையில்லாத ஒன்றை எழுதுவதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பதே நம் வினா.

வங்காள தேசத்தில் 2014 முதல் பி.டி. கத்தரி பயிராகிறது, மருந்துத் தெளிப்பு அங்கே குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. இதனை மறைத்து எழுதுவது நேர்மையன்று. இங்கேயோ 2019-இல் அரியானாவின் பத்தேகாபாத்தில் இசைவின்றிப் பயிரிட்ட பி.டி. கத்தரி கண்டுபிடிக்கப்பட்டது. சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் வேலி திறந்து கிடக்கிறது. இனி நாம் தாளிக்கும் கடுகின் முறை: மரபணு மாற்றிய கடுகு குறித்து 2024 சூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் வேறுபட்ட தீர்ப்பளித்தனர், நாட்டுக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்.

நம் வீதிக்குத் தள்ளுவண்டியில் காய்கறி கொணரும் முதியவர் தருமபுரிப் பக்கத்தவர். கலாசிபாளையத்துச் சந்தையில் விடியற்காலையில் சரக்கு எடுப்பவர். ஒருநாள் நம் சங்கத்துச் சகோதரியர் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு, மருந்து அடிக்காத கத்தரி கொண்டுவரலாகாதா என்று கேட்டனர். அவர் வண்டியின் மூலையில் ஒதுக்கிவைத்திருந்த காய்களைக் காட்டினார்.

"ஏம்மா, இதெல்லாம் நேத்து நீங்க பொறுக்கிப் பார்த்துட்டுத் தள்ளினதுதான். ஓட்டை இருந்தா வேணாங்குறீங்க. ஓட்டை இல்லாம இருக்கணும்னா மருந்து அடிச்சுத்தான் ஆவணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் அதைக் கொண்டாறேன்."

எவரும் விடை கூறவில்லை. ஏழு நகரங்களில் கூடிய கூட்டங்களில் பேசப்பட்டதைவிட இந்த இரண்டு வரியில் நம்மைப் பற்றிய செய்தி மிகுதியாக இருந்தது. குறைவாகத் தெளித்த காயில் புழு இருக்கும். புழு உள்ள காய்க்குச் சந்தையில் விலை இல்லை. விலையில்லாத காயை விளைவிக்க எந்த உழவரும் துணியார். பளபளக்கும் காயையே பொறுக்கும் நம் விரல்கள் நாள்தோறும் உழவருக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மறுவாரம் நம் வீதிக் குடும்பங்கள் எட்டு ஒன்றுகூடிப் பெரியவரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாலூர்ப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் தெளிப்பைக் குறைத்து, வேப்பங்கொட்டைக் கரைசலையும் புழு தாக்கிய குருத்துகளைக் கிள்ளி எறிவதையும் நம்பிப் பயிர் செய்ய இசைந்தார். அக்காய்கள் தனிக் கூடையில் வரும். ஓட்டை இருந்தாலும் முழு விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டுக் கன்னட அம்மையாரும் சேர்ந்துள்ளார். இரண்டு குடும்பத்தார் முதல் கூடையிலேயே விலகிவிட்டனர். நறுக்கும்போது புழு நெளிவதைப் பிள்ளைகள் கண்டு உண்ண மறுத்துவிட்டனராம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சென்ற வாரக் கூடையில் பத்துக்கு மூன்று காய் துளைபட்டிருந்தது. துளைபட்ட பகுதியை நீக்கியபின் எஞ்சியது எண்ணெய்க் கத்தரிக்குப் போதவில்லை, கொத்சு வைத்தோம்.