தையல் அலமாரியை ஒழித்த பிறகு

தையல் பொருள்களைக் கழித்த வருத்தம், கழித்த அன்றே வருவதில்லை. போகிக்கு முந்தைய வாரத்திலோ, வெள்ளையடிக்கும்போதோ, வீடு மாறும்போதோ அலமாரி ஒழிக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கட்பீஸ், லைனிங் துண்டு, நூல்கண்டு, லேஸ், சமிக்கிப் பாக்கெட், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பொத்தான் எல்லாம் மூட்டையாகி யாருக்கோ போகின்றன. இடம் கிடைத்த நிம்மதி சில வாரம் நீடிக்கும். பிறகு ஒரு நாள், மகளின் பாவாடையை இறக்கிவிட அதே நிறத்தில் நாலு விரல் துணி தேவைப்படும். கை தானாக அந்தத் தட்டுக்குப் போகும். வருத்தம் தொடங்குவது அங்கேதான்.

பழைய உடுப்பைக் கொடுத்தவர்களுக்கு இவ்வளவு உறுத்தல் இருப்பதில்லை. உடுத்திக் கிழிந்த சேலை தன் வேலையை முடித்துவிட்டது. வெட்டாத துணியோ இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. ஜப்பானைச் சேர்ந்த மேரி கொண்டோவின் வீடு ஒழிக்கும் முறையில் முதலில் உடை, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைப் பொருள்கள், கடைசியில் நினைவுப் பொருள்கள் என்று வரிசை உண்டு. கைவேலைப் பொருள்கள் கடைசி இரண்டிலும் கால் வைத்து நிற்பவை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார் அவர். தைக்கிறவர்களிடம் இந்தக் கேள்வி செல்லாது. ஒரு சாண் பூப்போட்ட வாயில் துணிகூட மகிழ்ச்சி தரத்தான் செய்யும்.

நம்முடையது என்றான பொருளின் மதிப்பை மனம் கூட்டிச் சொல்வதும் உண்டு. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980-இல் இதற்கு உடைமை விளைவு என்ற பொருளில் பெயரிட்டார். டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோருடன் அவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கையில் காப்பிக் கோப்பை கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, அதையே வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. கோப்பை கைக்கு வந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. பெட்டியில் பல தீபாவளி கண்ட துணிக்கு மனம் என்ன விலை போடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை, போனதில் உண்மையான இழப்பு எது என்று பிரித்துப் பார்ப்பது. பழைய பருத்தி நூலை ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுத்தால் பல சமயம் சத்தமில்லாமல் அறுந்துவிடும். அதில் தைத்த தையல் முதல் துவைப்பிலேயே விடும். நாள்பட்ட எலாஸ்டிக் இழுத்தால் நறநறக்கும், திரும்பிச் சுருங்காது. காலர் கேன்வாஸின் பசை காய்ந்து, இஸ்திரி போட்டாலும் ஒட்டாமல் போகும். துருவேறிய ஊசி பட்டில் இழையை இழுத்துவிடும். இவை அலமாரியில் இருந்திருந்தாலும் உதவியிருக்காது. பாலியெஸ்டர் நூலும் கொக்கியும் லைனிங்கும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

உண்மையான இழப்பு, பாதியில் நிற்கும் வேலைக்குச் சேர்ந்த பொருள்தான். பூவேலை நூலில் ஒரு கண்டு பொதுவாக ஆறு இழை, எட்டு மீட்டர். சுற்றிய காகிதத்தில் நிற எண் இருக்கும். அதே எண்ணை மறுபடி வாங்கலாம். ஆனால் வேறு சாயத் தொகுதியில் வந்தால் நிறம் ஒரு பொட்டு மாறியிருக்கும். குழல்விளக்கில் தெரியாது; வாசலில் பிடித்துப் பார்த்தால் இதழின் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். இதற்கு வழி உண்டு. புது நூலை இதழின் பாதியில் தொடங்காமல் அடுத்த பூவிலோ, காம்பிலோ, ஓரக்கோட்டிலோ தொடங்க வேண்டும். முழுப் பூவே வேறு சாயலில் இருந்தால் பார்க்கிறவர் அதை வேண்டுமென்று செய்ததாகவே எடுத்துக்கொள்வார்.

செய்தித்தாளில் வெட்டிவைத்த ரவிக்கை அளவும் அப்படிப்பட்ட இழப்பே. பென்சிலால் திருத்தித் திருத்தி உடம்புக்கு வந்த வெட்டு அது. நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து, இஸ்திரி போட்டு, தாளில் வரைந்தால் திரும்பக் கிடைத்துவிடும். ஒரு மதிய வேலை.

பணமாகவே போவது ஜரிகை. அசல் ஜரிகையில் நடுவே பட்டு இழை, பெரும்பாலும் சிவப்புச் சாயமேற்றியது. அதன்மேல் தட்டிய வெள்ளிக் கம்பி, வெள்ளிக்கு மேல் தங்க முலாம். இழையை நகத்தால் சுரண்டினால் வெள்ளியும், அதைப் பிரித்தால் சிவப்பு இழையும் தெரியும். செம்பு தெரிந்தால் மட்டமான ரகம், பிளாஸ்டிக்போல் உரிந்தால் அதனினும் கீழ். வெள்ளி இருப்பதால்தான் பழைய பட்டு வாங்குகிறவர்கள் கிழிந்த சேலைக்கும் காசு தருகிறார்கள். வெட்டிவைத்த கரைத்துண்டுகளைச் சோதிக்காமல் மூட்டையில் போட்டவர் வருந்துவதில் நியாயம் இருக்கிறது.

மற்ற வருத்தமெல்லாம் துணியைப் பற்றியதல்ல. மாமியாரின் ஊசிப்பெட்டியைக் கொடுத்தவர் ஏங்குவது மாமியாருக்காக. புகைப்படம் எடுத்துவைப்பது ஆறுதல் என்பார்கள். தைக்கிற கைக்கு அது போதாது. அவருடைய கத்தரிக்கோலோ மரத்தாலான கெஜக்கோலோ ஒன்று வீட்டில் மிஞ்சியிருந்தால் அதைச் சாணைபிடித்து, துடைத்து, அன்றாட வேலைக்கு எடுத்துக்கொள்வதே மேல். ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைக்கவும் ஒரு கருவி இருக்கும்.

இன்னொன்று, தைக்காமல் விட்ட வேலை. உளவியல் ஆய்வாளர்கள் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் செய்த ஆய்வுகளின்படி, செய்துவிட்ட காரியம் முதலில் அதிகம் உறுத்துகிறது. காலம் போகப்போகச் செய்யாமல் விட்டதே மேலெழுகிறது. கொடுத்த வருத்தம் தணிந்த பிறகும் நிற்பது, மகளுக்குத் தைக்க எண்ணி வாங்கி, அவள் வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டும் வெட்டப்படாத கவுன் துணி. அது பெட்டியிலேயே இருந்திருந்தாலும் கவுனாகியிருக்காது. இதை ஒப்புக்கொள்வது கடினம். ஆனால் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்றைய அளவுக்கு வேண்டிய துணியை மட்டும் வாங்கி, ஏதாவது ஒன்றைத் தைத்து முடிப்பது.

இழந்ததை ஈடுகட்டக் கடைக்கு ஓடுவது பெரும்பாலும் அலமாரியைத்தான் நிரப்பும். இல்லையே என்று தேடிய பொருளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், சில மாதத்தில் அதில் திரும்பத் திரும்ப வருவது வெள்ளை நூல், கறுப்பு நூல், கொக்கி, ஒன்றிரண்டு லைனிங் நிறம் என்று சுருங்கிவிடும். வாங்க வேண்டியது அவ்வளவே. மூட்டை சுய உதவிக் குழுவுக்கோ தையல் பள்ளிக்கோ போயிருந்தால் அதைத் திருப்பிக் கேட்கவே கூடாது. அங்கே அந்நேரம் அது வெட்டிப் பழகும் துணியாகவோ கால்மிதியாகவோ ஆகியிருக்கும்.

இனிமேல் அலமாரியை ஒழிக்கப்போகிறவர்கள், பாதி வேலையை அதன் நூலோடு ஒரே பையில் கட்டி, காகித வெட்டுகளையும் ஜரிகைத் துண்டுகளையும் தனியே எடுத்துவைத்த பிறகே மூட்டையின் வாயைக் கட்டட்டும்.