சிஸ்டரம்மா

மும்பையின் தாராவியில், தமிழர் மிகுதியாக வாழும் சந்து ஒன்றில், ‘சிஸ்டரம்மா வீடு எது?’ என்று கேட்டால் சிறு குழந்தையும் வழிகாட்டும். வெண்ணிறச் சீருடையும் தோளில் துணிப்பையுமாக முப்பது ஆண்டுகள் அந்தச் சந்தின் வழியே மருத்துவமனைக்கு நடந்து சென்றவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆயினும் ஊரார் இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

இளமையும் கல்வியும்

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், செம்மணல் தேரியை ஒட்டிய சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் பனையேறி; தாயார் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பவர். ஊர்க் கோவிலின் ஞாயிறு பள்ளியில், ஆசிரியை ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றைக் கூறினார்.

ஐடா இளம்பெண்ணாக இருந்தபோது, திண்டிவனத்தில் ஓர் இரவு, மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவும்படி வேண்டினர். ஐடா அப்போது மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாகக் கூறினார். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். பின்னர் ஐடா அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டு திரும்பி வந்து, வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1909இல் அங்கே செவிலியர் பயிற்சியும் தொடங்கியது.

கதை முடிந்ததும் அந்தச் சிறுமி, “மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதன்பின் இரவெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர் யார், டீச்சர்?” என்று கேட்டாள். “செவிலியர்” என்றார் ஆசிரியை. அந்த ஒரு சொல்லே அவள் வாழ்வின் வழியாயிற்று.

இல்லமும் ஆலயமும்

செவிலியர் பயிற்சி முடித்தவர், திருமணத்திற்குப்பின் மும்பைக்கு வந்தார். கணவர் தோல் பட்டறைத் தொழிலாளி. மகளுக்கு எட்டு வயதும் மகனுக்கு மூன்று வயதும் ஆனபோது கணவர் காலமானார். ஊருக்குத் திரும்பிவிடுமாறு உறவினர் அழைத்தனர். “பிள்ளைகளின் படிப்பும் என் வேலையும் இங்கேதான் இருக்கின்றன” என்று அவர் மறுத்துவிட்டார்.

நாள்தோறும் உலை வைக்கும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடுவார். ‘கைப்பிடி அரிசிக் காணிக்கை’ என்னும் இவ்வழக்கம் அவர் தம் தாயிடம் கற்றது. மாத இறுதியில் அந்த அரிசி ஆலயத்திற்குச் சென்று, அங்கிருந்து வறியவர் வீட்டு அடுப்பிற்குச் செல்லும்.

பள்ளியில் இந்தியும் மராத்தியும் பயின்ற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தவரும் அவரே. இரவில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுப் படிக்கச் செய்வார். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் மகள் பிழையின்றி வசனம் வாசித்தபோது, தாயின் கண்கள் கலங்கின.

பெருமழை நாள்

2005ஆம் ஆண்டு ஜூலை 26. சாந்தாகுரூஸில் மட்டும் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. மித்தி ஆறு கரைபுரண்டது, தொடர்வண்டிகள் நின்றன, தொலைபேசிகள் ஓய்ந்தன.

காலைப் பணிக்குச் சென்றிருந்த சிஸ்டரம்மா பிற்பகலில் வீடு திரும்ப வேண்டியவர். அவரிடமிருந்து பொறுப்பை ஏற்க வேண்டிய செவிலியர் வரவில்லை. இருள் சூழ்ந்தது, இரவுப் பணிக்கும் எவரும் வரவில்லை. கூடம் நிறைய நோயாளிகள். அவரும் பணியாளர் ஒருவருமே துணை. வீட்டிலோ பதினான்கு வயது மகளும் ஒன்பது வயது மகனும் தனித்திருந்தனர். வீடு தாழ்வான பகுதியில் இருந்தது.

சன்னல் அருகே சென்று மழையைப் பார்ப்பார். யாரோ முனகும் குரல் கேட்டுத் திரும்புவார். ஒருவருக்கு ஊசி மருந்து. ஒருவருக்கு உயிர்க்காற்றுக் குழாய். ஒருவருக்கு ஆறுதல் மொழி. அவ்விரவு அவர் முழங்காலிட்டு மன்றாட நேரம் கிடைக்கவில்லை. கட்டிலுக்குக் கட்டில் நடந்தவாறே மன்றாடினார்.

மறுநாள் நண்பகலில், தேங்கிய நீரில் நடந்து மாற்றுச் செவிலியர் ஒருவர் வந்து சேர்ந்தார். சிஸ்டரம்மா உடனே புறப்பட்டார். வீட்டை அடைந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே சேறு, அரிசிப் பானை கவிழ்ந்திருந்தது, பிள்ளைகளைக் காணவில்லை. அவர் அலறிய குரல் கேட்டு, எதிர்வீட்டு மேல்தளத்திலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அங்கு வாழ்ந்த உத்தரப்பிரதேசத்துக் குடும்பத்தினர், வெள்ளம் ஏறத் தொடங்கியதுமே பிள்ளைகளை ஏணிவழி ஏற்றிக் காப்பாற்றியிருந்தனர்.

மகன் அன்னையிடம் ஓடிவரவில்லை. சுவரோரம் நின்றவாறே, “அம்மா, எங்களைவிட நோயாளிகள்தாம் உங்களுக்குப் பெரியவர்களா?” என்று கேட்டான்.

சிஸ்டரம்மா அவனுக்கு அறிவுரை கூறவில்லை. ஈரப் புடவையோடு தரையில் அமர்ந்தார். “இல்லை, ராசா. அவர்களை விட்டு வரவும் முடியவில்லை. உங்களை நினையாதிருக்கவும் முடியவில்லை. நீ பயந்த நேரத்தில் நான் அருகில் இல்லை. அது உண்மை. என்னை மன்னித்துவிடு” என்றார். நெடுநேரத்திற்குப்பின் மகன் வந்து அவர் மடியில் தலைவைத்தான்.

நன்றியும் கடமையும்

வெள்ளம் வடிந்தபின் நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் நடப்போரின் தோற்புண் வழியே அந்நோய்க் கிருமி உடலுக்குள் புகும். சிஸ்டரம்மா சந்துதோறும் சென்று, “காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள்” என்று தமிழிலும் இந்தியிலும் எடுத்துரைத்தார்.

ஒருநாள் மாலை எதிர்வீட்டுத் தலைவருக்குக் கடுங்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றே வீட்டார் எண்ணினர். அவர் கண்களைக் கண்டதுமே சிஸ்டரம்மா நோயை ஐயுற்றார். அன்றே மருத்துவமனையில் சேர்த்து, தம் பணிநேரம் முடிந்தபின்னும் அருகில் இருந்தார். அவ்விரவு மகன் தானே உணவை எடுத்துக்கொண்டு அக்காளுடன் மருத்துவமனைக்கு வந்தான். கட்டிலில் கிடந்தவர் தன்னை ஏணியில் தூக்கிவிட்டவர் என்பதை அவன் அறிவான். இம்முறை அவன் எதுவும் கேட்கவில்லை. அன்னைக்குச் சோற்றைப் பரிமாறிவிட்டு, நோயாளியின் அருகில் அவனே சிறிது நேரம் அமர்ந்திருந்தான்.

எதிர்வீட்டுத் தலைவர் நலம்பெற்றுத் திரும்பினார். சிஸ்டரம்மா இன்று பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், ஆலயத் திண்ணையில் அமர்ந்து, சந்தின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறார். எதிர்வீட்டுப் பேரனும் அங்கு வந்து ‘அம்மா’ என்று எழுதப் பழகுகிறான்.

சொல்லும் பொருளும்

தேரி – செம்மணல் மேடு
பதநீர் – சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறக்கும் இனிய பனஞ்சாறு
காணிக்கை – இறைவனுக்குப் படைக்கும் பொருள்
ஐயுற்றார் – சந்தேகித்தார்

சிந்தித்து எழுதுக

1. ஐடா ஸ்கடரின் வரலாறு சிறுமியின் உள்ளத்தில் எழுப்பிய கேள்வி யாது?
2. மகனின் கேள்விக்குச் சிஸ்டரம்மா அளித்த விடை சரியானதா? உம் கருத்தை எழுதுக.
3. உம் வீட்டில் தமிழ் எவ்வாறு பேணப்படுகிறது? பெற்றோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.