மத்தலவும் வீரவிலவும்: இரண்டு ஓடுபாதை, ஒரே ஆகாயம்

எம்பிலிப்பிட்டியவில் முச்சக்கர வண்டி பிடித்து, சூரியவெவ வழியாக மத்தலவுக்குப் போனேன். ஓட்டிவந்த தம்பி றக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சூரியவெவ தாண்டியதும் தலைக்கு மேலே ஒரு ஹெலிகொப்டர் தாழ்வாகக் கடந்தது.

"அண்ணே, அது எயார்போஸ்காரங்க. வீரவில கேம்ப்புக்குப் போவுது. பெரிய பிளேன் வந்தா மத்தலக்கு எறங்கும். ரெண்டும் ஒரே ஆகாயத்துலதானே, யாரு யாருக்கு வழி விடுறது?"

நான் பார்க்கப் புறப்பட்டிருந்த விஷயமே அதுதான்.

மத்தல விமான நிலையம் 2013 மார்ச் 18 அன்று திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 3,500 மீற்றர். மிகப்பெரிய பயணிகள் விமானமும் இறங்கலாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அதைச் சுற்றிய பற்றைக்காடும் தெரிகின்றன. நான் நின்ற நேரத்தில் விமானம் எதுவும் வரவில்லை. சுற்றிலும் யானைக் காடு. 2016இல் ஓடுபாதைப் பக்கம் திரிந்த விலங்குகளைத் துரத்த இராணுவத்தினரும் பொலிஸாரும் நூற்றுக்கணக்கில் வரவேண்டியிருந்தது. சிவில் விமான நிலையத்துக்குப் படையினரின் உதவி என்றால் இப்பகுதி மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் விலங்குகளைத் துரத்துவதைவிட ஆகாயத்தைப் பகிர்வது மிகவும் கடினமான வேலை.

அங்கிருந்து வீரவிலவுக்குப் போனோம். வீதியால் சுற்றிப் போகவேண்டும். நேர்கோட்டில் இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையே சுமார் 13 கிலோமீற்றர்தான். இறங்க வரும் ஜெட் விமானத்துக்கு அது மூன்று நிமிடத் தூரம். ஒன்றில் சிவில் கட்டுப்பாட்டாளர், மற்றதில் விமானப்படை. சிவில் பக்கத்தில் விதியை வகுப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. விமானப்படையோ பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது.

1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். இராணுவ, சுங்க, பொலிஸ் விமானங்களை அதன் மூன்றாம் உறுப்புரை விலக்கிவைக்கிறது. அவற்றுக்கு விதி வகுக்கும்போது சிவில் விமானங்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று மட்டும் நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதன் பதினோராம் இணைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், விமானப் போக்குவரத்துச் சேவையினர் படை அதிகாரிகளோடு நெருங்கிய ஒத்துழைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. எப்படி என்பதை ஒவ்வொரு நாடும்தான் முடிவு செய்கிறது.

ஐரோப்பா அதை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1973 மார்ச் 5 அன்று பிரான்ஸில் சிவில் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பயணிகள் விமானங்களை வழிநடத்தும் பொறுப்பு அவசரமாகப் படையினரிடம் போனது. நான்ட் நகருக்கு மேலே ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் வரவிருந்த இரண்டு ஸ்பானிய விமானங்கள் மோதின. ஒன்றிலிருந்த 68 பேரும் இறந்தார்கள். மற்றது உடைந்த இறக்கையோடு கோஞ்ஞாக் விமானப்படைத் தளத்தில் இறங்கித் தப்பியது. அந்தப் படையினரைத் திறமையற்றவர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. முன்கூட்டியே சேர்ந்து பழகாத இரண்டு அமைப்புகளை ஒரே நாளில் ஒட்டவைத்ததுதான் பிழை.

1996இல் ஐரோப்பிய நாடுகள் புதிய முறையொன்றைத் தொடங்கின. வானம் சிவிலுக்கும் சொந்தமில்லை, படைக்கும் சொந்தமில்லை. தேவைப்படும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டு, தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். 2005இல் 2150ஆம் இலக்க ஒழுங்குவிதி இதை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமாக்கியது. அதில் மூன்று படிகள் இருக்கின்றன. வளவை வாய்க்காலில் வயல் செய்கிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். போகத்துக்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் எப்போது, எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதுபோல, வான்பரப்பின் பொதுக் கொள்கையை இரு தரப்பும் சேர்ந்து வகுக்கின்றன. முறை வைப்பதுபோல, நாளைக்கு எந்தப் பரப்பு யாருக்கு என்பதை முதல் நாளே ஒரு கூட்டுப் பிரிவு ஒதுக்குகிறது. மூன்றாவது, மடையில் நிற்பவரின் வேலை: பயிற்சி சீக்கிரம் முடிந்துவிட்டால் கட்டுப்பாட்டாளர்கள் அந்த நிமிடமே நேரடியாகப் பேசிப் பரப்பைத் திறந்துவிடுவார்கள். இதில் மூன்றாவது படிதான் உயிர்நாடி என்பேன். எடுக்கத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். வேலை முடிந்த நிமிடத்திலேயே விட்டுக்கொடுக்க, தினமும் பழகிய இருவர் வேண்டும்.

நமக்கு அருகே நடந்ததையும் மறக்கமுடியாது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஸகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஸகஸ்தான் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியது நேரடிக் காரணம். ஆனால் டெல்லி வானத்தின் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால், வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையில் எதிரெதிரே வரவேண்டியிருந்தது. தொலைவில், 2014 ஜூலை 17 அன்று போர் நடந்துகொண்டிருந்த உக்ரைனில் 298 பேருடன் வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் 33,000 அடியில் பறந்தது. 32,000 அடிக்குக் கீழே மட்டுமே வானம் மூடப்பட்டிருந்தது. முழுதாக மூடுவதற்குப் போதிய காரணம் உக்ரைனுக்கு இருந்தது என்று நெதர்லாந்து விசாரணை பின்னர் முடிவு சொன்னது.

இலங்கையில் இந்தப் பகிர்வு வேலியளவு நெருக்கமானது. கட்டுநாயக்கவில் பயணிகள் முனையமும் விமானப்படைத் தளமும் அருகருகே இருக்கின்றன. 2001 ஜூலை 24 அன்று தளத்துக்குள் புகுந்து நடத்தப்பட்ட தாக்குதலில் பயணிகள் விமானங்களும் எரிந்தன. 2007இல் தளம் வானிலிருந்து தாக்கப்பட்டபின் சில காலம் இரவுப் பறப்புகளே நிறுத்தப்பட்டன. பலாலியில் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் நம் உறவுகள் இன்றும் படையினரின் வளையத்துக்குள்தான் தரையைத் தொடுகிறார்கள். 1990இல் பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு, படையினர் எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு தாமதமாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தில் நடந்தது ஆகாயத்திலும் நடக்காதிருக்க, ஒதுக்கும்போதே திரும்பும் நேரத்தையும் எழுதி வைக்கவேண்டும்.

வீரவில குளத்தருகே வண்டியை நிறுத்தி, தம்பியிடம் இதில் பாதியைச் சொன்னேன். "அப்ப அங்க எழுதி வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல போன்ல பேசிக்கிறாங்களாண்ணே?" என்றார். போனில் பேசுவது தவறில்லை. பேசவேண்டியவர் யார், எந்த நேரத்துக்குள், பதில் வராவிட்டால் யாருடைய சொல் நிற்கும் என்பது எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பயணிகளும் படிக்கக் கிடைக்கவேண்டும் என்றேன். ஐரோப்பா வானம் நெரிசலானபின் இந்த வேலையைத் தொடங்கியது. மத்தலவில் இன்றைக்கு நாளெல்லாம் காத்திருந்தாலும் சில விமானங்களே வரும். இரண்டு கோபுரங்களும் ஒன்றாக அமர்ந்து ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது.